கூட்டமாக வாழும் மீன்கள் ஒன்றையொன்று துரத்துவது ஏன்?

கண்ணாடித் தொட்டியில் டைகர் பார்ப், டெட்ரா, டேனியோ போன்ற கூட்ட மீன்களை வளர்ப்பவர்கள் ஆலோசனை கேட்டு வரும்போது பெரும்பாலும் ஒரே முறையீட்டோடு வருகிறார்கள். ஒரு மீன் மற்றவற்றை ஓயாமல் துரத்துகிறது, அதை என்ன செய்வது என்பதே அவர்களின் கேள்வி. பலர் அந்த மீனை ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்டிருப்பார்கள். எடுத்த சில நாட்களிலேயே வேறொரு மீன் அதே வேலையைத் தொடங்கிவிட்டது என்று குழம்பிப்போயிருப்பார்கள். அலங்கார மீன்களின் நலனைக் கவனிக்கும் தொழிலில் இருக்கும் நான் முதலில் கேட்பது துரத்தப்படும் மீனைப் பற்றித்தான். ஒவ்வொரு முறையும் துரத்தப்படுவது ஒரே மீனா? அது இரை எடுக்கிறதா? துரத்தல் ஓய்ந்தபின் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறதா? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் விடையைப் பொறுத்தே, நடப்பது இயல்பான வாழ்க்கையா, துன்புறுத்தலா என்று சொல்ல முடியும்.

கூட்டமாக வாழும் உயிரினங்களுக்குள் மேல், கீழ் என்ற வரிசை உண்டு. கோழிகளுக்குள் எது எதைக் கொத்தலாம் என்ற ஒழுங்கு இருப்பதை நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டரூப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் விவரித்தார். மீன்களிடமும் இத்தகைய வரிசையைக் காணலாம். இரண்டே இரண்டு ஸீப்ரா டேனியோக்களை ஒரு தொட்டியில் விட்டாலும், எது முன்னேறும், எது விலகும் என்பது விரைவில் முடிவாகிவிடும். வரிசை முடிவான பிறகு பெரிய சண்டைக்குத் தேவை இருப்பதில்லை. மேல்நிலை மீன் ஒரு பாய்ச்சல் பாய்ந்தாலே கீழ்நிலை மீன் திரும்பிக்கொள்ளும், விஷயம் அத்தோடு முடியும். ஆகவே புதிய தொட்டியிலும், புதிய மீன்கள் சேர்ந்த தொட்டியிலும் முதல் சில நாட்கள் துரத்தல் கூடுதலாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மேல்நிலையில் இருந்த மீனை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகி, அடுத்த நிலையில் உள்ளவை அதற்காக மீண்டும் மோதத் தொடங்குகின்றன.

காயமே ஏற்படாத மோதல்களும் பல உண்டு. பிளாக் ஃபேண்டம் டெட்ராவின் ஆண்கள் இரண்டு பக்கவாட்டில் நின்று, முதுகுத் துடுப்பையும் குதத் துடுப்பையும் முழுவதுமாக விரித்து ஒன்றையொன்று அளந்துபார்க்கும். பார்ப்பதற்குப் பெரும் போர்போலத் தோன்றினாலும் முடிவில் பெரும்பாலும் ஒரு செதில்கூடக் கழன்றிருக்காது. கிளௌன் லோச் மீன்கள் ஆதிக்கத்துக்காக மோதும்போது அவற்றின் நிறம் வெளிறிச் சாம்பலாகிவிடும். இதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்கு எரியத் தொடங்கும் காலை நேரத்தில், வயிறு பருத்த பெண் மீனை ஆண் மீன்கள் செடிகளுக்குள் விரட்டிச் செல்வது முட்டையிடுவதற்கான துரத்தல். அது சில மணி நேரத்தில் தானாக அடங்கும். ஆண்கள் மிகுந்து பெண் ஒன்றே ஒன்று இருக்கும் தொட்டியில் மட்டும், அந்தப் பெண் மீன் ஓய்வின்றித் தளர்ந்துபோகும் அபாயம் உண்டு.

துன்புறுத்தல் பெரும்பாலும் எண்ணிக்கைக் குறைவிலிருந்தே பிறக்கிறது. வகைக்கு இரண்டு, மூன்று என்று வாங்கித் தொட்டியை வண்ணமயமாக நிரப்பும் பழக்கமே கூட்ட மீன்களுக்கு இழைக்கப்படும் மிகப்பெரிய தீங்கு என்பது என் உறுதியான கருத்து. மூன்று டைகர் பார்ப்கள் இருக்கும் தொட்டியில் மேலே உள்ளதன் பாய்ச்சல்கள் அனைத்தும் கடைசி மீன் மீதே விழுகின்றன. எட்டு, பத்து மீன்கள் இருக்கும்போது அதே பாய்ச்சல்கள் பலவற்றின் மீது சிதறுவதால், எந்த ஒரு மீனுக்கும் அது தாங்க முடியாத சுமையாவதில்லை. ஆனால் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு இடம் வேண்டும். டைகர் பார்ப் கூட்டத்துக்கு 90 சென்டிமீட்டர் நீளமுள்ள தொட்டியையே நான் பரிந்துரைக்கிறேன். நேராக நீந்தித் தப்பிக்க நீளம்தான் உதவும், உயரம் உதவாது. சிறிய தொட்டியில் மீன்களைக் கூட்டினால் அவற்றின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நீரில் ஏறி, துரத்தலோடு நச்சும் சேர்ந்துகொள்ளும்.

துரத்தப்பட்டுத் தோற்ற மீனை அடையாளம் காண்பது கடினமல்ல. ஃபில்டர் குழாய்க்குப் பின்னாலோ, நீர்மட்டத்தை ஒட்டிய மூலையிலோ, துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, நிறம் மங்கி அது ஒதுங்கி நிற்கும். இரை போட்டால் மற்றவை தின்று முடித்த பிறகே எட்டிப் பார்க்கும், வயிறு ஒட்டியிருக்கும். அதன் வாலை உற்றுப் பாருங்கள். கடிபட்ட துடுப்பில் கத்தரித்து எடுத்ததுபோல் தெளிவான விளிம்புடைய பிறை வடிவப் பள்ளம் தெரியும். துடுப்பு அழுகலில் விளிம்பு நைந்து, வெண்மையாகவோ சிவந்தோ காணப்படும். அடிப்பகுதி சிதையாதவரை கடிபட்ட துடுப்பு சுத்தமான நீரில் மீண்டும் வளர்ந்துவிடும். ஓயாத அச்சத்தில் வாழும் மீனின் உடலில் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் உயர்ந்தே இருப்பதால் நோய் எதிர்ப்பாற்றல் சரிகிறது, வெண்புள்ளி நோய் போன்றவை எளிதில் தொற்றுகின்றன. மருந்து அந்தப் புள்ளிகளை நீக்கலாம்; துரத்தல் தொடரும்வரை அந்த மீன் அடுத்த நோய்க்கு இடம்கொடுத்தபடியே இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காயமுற்ற மீனின் தோலிலிருந்து வெளிப்படும் ஒரு பொருள் கூட்டம் முழுவதையும் எச்சரிக்கிறது என்பதை, பின்னாளில் 1973-இல் நோபல் பரிசு பெற்ற விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938-இல் எழுதினார். பார்ப், டெட்ரா, டேனியோ ஆகியவை இந்த எச்சரிக்கைப் பொருளைக் கொண்ட பெரும் மீன் பிரிவைச் சேர்ந்தவை. மீன்கள் திடீரென்று நெருங்கித் திரண்டு ஒரே திசையில் நீந்துவதை அழகு என்று ரசிக்கிறோம். பல வேளைகளில் அது அச்சத்தின் அடையாளம். பாதுகாப்பாக உணரும் கூட்டம் தொட்டியெங்கும் தளர்வாகப் பரவி மேய்ந்துகொண்டிருக்கும்.

தலையிடுவதற்கு முன், கைப்பேசியைத் தொட்டியின் எதிரே நிறுத்திவிட்டு விலகிச் சென்று, கால் மணி நேரம் படம் பிடியுங்கள். நாம் எதிரில் நின்றால் மீன்கள் இரையை எதிர்பார்த்து வேறுவிதமாக நடந்துகொள்ளும். அடுத்து நீரைச் சோதிக்க வேண்டும். அம்மோனியாவும், அது மாறி உருவாகும் இன்னொரு நச்சான நைட்ரைட்டும் சோதனைக் கருவிக்குத் தெரியும் அளவில் இருக்கவே கூடாது. துரத்தப்படும் மீன் முன்பே நோயுற்றதா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் நீந்தும் விதம் மாறிய மீனை மற்றவை விரைவில் இலக்காக்கிக்கொள்கின்றன. இரையை ஒரே இடத்தில் கொட்டினால் ஆதிக்க மீன் அந்த இடத்தைக் காவல் காக்கும். தொட்டியின் இரு முனைகளிலும் நடுவிலும் ஒரே நேரத்தில் தூவினால் காவல் காக்க இயலாது. உயரமான செடிகளையும் மரக்கட்டைகளையும் பார்வையை மறைக்கும்படி வைப்பது பெரும் உதவி.

காயம் ஆழமாக இருந்தால் மீனைப் பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் கூட்ட மீனைத் தனித் தொட்டியில் அடைப்பதும் அதற்கு ஒரு துன்பமே. அதே தொட்டியில் கண்ணாடித் தடுப்பு வைத்து, தன் இனத்தைப் பார்த்தபடி அது தேற விடுவதையே நான் விரும்புகிறேன். நீண்ட துடுப்புடைய ஏஞ்சல், ஃபைட்டர், கப்பி ஆகியவற்றோடு டைகர் பார்ப்பையோ செர்ப்பே டெட்ராவையோ சேர்த்து வளர்ப்பவர்களுக்கு மட்டும் இந்த வழிகள் எதையும் நம்பிக்கையோடு சொல்ல என்னால் இயலாது. அவற்றை நிரந்தரமாக வெவ்வேறு தொட்டிகளில்தான் வளர்க்க வேண்டும். மற்றபடி, துடுப்பு வளர்ந்த பிறகு கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி அமைத்து, விளக்கை அணைத்த நேரத்தில் தடுப்பை எடுங்கள். மறுநாள் காலை இரையின்போது அந்த மீன் மற்றவற்றோடு சேர்ந்து மேலே வருகிறதா என்று பாருங்கள். அது வராமல் மூலையிலேயே நின்றால், தடுப்பை மீண்டும் வைத்து இன்னும் ஒரு வாரம் பொறுத்திருங்கள்.