கையைக் காட்டுபவர்கள் மூச்சிரைப்பைச் சொல்வதில்லை

ஸ்கிளீரோடெர்மா உள்ளவர்கள் என் அறைக்கு வந்ததும் முதலில் நீட்டுவது கைகளைத்தான். விரல் மடங்கவில்லை, மோதிரம் கழலவில்லை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெளுத்து நீலம் பாரிக்கிறது என்பார்கள். தோல் இறுகும் நோய் என்றே மனதில் பதிந்துவிட்டதால், மற்றத் தொந்தரவுகளை என்னிடம் சொல்லத் தோன்றுவதில்லை.

தோலைத் தடிக்க வைக்கும் அதே கொலாஜன் நார் உள்ளுறுப்புகளிலும் படியலாம். நுண்ணிய ரத்தக் குழாய்களும் சுருங்கிப்போகும். உணவுக்குழாயும் நுரையீரலும்தான் அதிகம் அடிபடுகின்றன.

இதயம்தான் எனக்குப் பெரிய கவலை. அதன் தசையில் நார் படிந்தால் சுருங்கி விரிவது குறையும். துடிப்பைக் கடத்தும் பாதையில் படிந்தால் படபடப்பு, மயக்கம் வரும். இதய உறையில் நீர் கோக்கலாம். நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறினால் இதயத்தின் வலப்பக்கம் திணறும். "மாடி ஏறினால் மூச்சு வாங்குது, வயசாகுதுல்ல டாக்டர்" என்று கிளம்பும்போது சொன்ன ஓர் அம்மாவை உட்காரவைத்து எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தோம். அழுத்தம் கூடியிருந்தது. கைக்காக மட்டும் பல மாதம் வந்துகொண்டிருந்தவர் அவர். அதனால் தொந்தரவு இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ, ஈசிஜி, நுரையீரல் திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலைவலி, பார்வை மங்கல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடனே ஏசிஇ தடுப்பு மருந்து என்கிற ரத்த அழுத்த மருந்தைத் தொடங்கினால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையைத் தயவுசெய்து நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அளவு கூடினால் இந்த ஆபத்தும் கூடும்.

சரி, சிறுநீர்ப்பை. இதில் பாதிப்பு எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர்களும் கூச்சத்தால் மறைக்கிறார்கள், நாங்களும் கேட்பதில்லை. அது எங்கள் தவறு. பையின் சுவர் விறைத்தால் கொஞ்சம் நிறைந்ததுமே முட்டும், இரவில் பலமுறை எழ வேண்டிவரும். நரம்புகள் பாதிக்கப்பட்டால் முழுதாக வெளியேறாமல் தேங்கி, தொற்று திரும்பத் திரும்ப வரும். கழித்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வலியில்லாத ஒரு ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம். நுரையீரலுக்காக சைக்ளோபாஸ்பமைட் என்கிற, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்தே சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கலாம். சிறுநீர் சிவந்து போனால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள்.