தானியக்கம்: இயங்குவதா, இயக்குவதா?

டெஸ்க்டாப் ஆட்டோமேஷன் கருவிகளுக்கு, அதாவது ஆளுக்குப் பதிலாக மவுஸையும் விசைகளையும் இயக்கும் மென்பொருள்களுக்கு, தமிழில் கையேடு எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தடுக்கும். ஆட்டோமேஷனைத் தானியக்கம் என்பதா, தன்னியக்கம் என்பதா? இரண்டும் புழங்குகின்றன, இரண்டிலும் பிழை இல்லை. ‘தான்’ நெடில் என்பதால் ‘இயக்கம்’ வந்து சேரும்போது னகரம் ஒற்றையாகவே நிற்கும். அது ‘தன்’ என்று குறுகிவிட்டால், தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற நன்னூல் விதி வந்துவிடும்: தன்னியக்கம். தன்னாட்சி, தன்னுரிமை எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். நான் தானியக்கம் என்றே எழுதுகிறேன். தானியங்கி என்ற சொல் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருப்பதால் அதன் பக்கத்தில் இது உறுத்தாது. ஒரே தொல்லை, வரி மடங்கும் இடத்தில் ‘தானிய’ என்று உடைந்தால் ஏதோ களஞ்சியக் கணக்கு போலத் தெரியும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது: ‘ஆட்டோமாட்டோஸ்’. முன்பாதிக்குத் ‘தான்’ என்று பொருள். பின்பாதி நினைப்பைக் குறிக்கும் வேர். வடமொழி ‘மனஸ்’ அதற்கு உறவு. ஆக, தன் மனம்போல நடப்பது. ஹோமரின் இலியட்டில் வானுலகக் கதவுகள் யாரும் தொடாமலே திறந்துகொள்ளும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. ‘ஆட்டோமேஷன்’ என்ற வடிவம் பரவியது 1940களில், ஃபோர்டு கார் தொழிற்சாலையிலிருந்து. ஓர் எந்திரத்திலிருந்து அடுத்த எந்திரத்துக்கு உதிரிபாகத்தை ஆள் தூக்கி வைக்காமல் நகர்த்தும் ஏற்பாட்டை டெல்மர் ஹார்டர் என்ற அதிகாரி அப்படி அழைத்தார். 1947இல் அதற்கென்று தனித் துறையே தொடங்கினார்கள். மனம் போய் கன்வேயர் வந்துவிட்டது.

அப்புறம் அது கணினித் திரைக்கு வந்தது: மவுஸை நகர்த்துவது, க்ளிக் செய்வது, விசைகளைத் தட்டுவது. மேக் கணினியின் செயலிகளை இயக்க ஆப்பிள் 1993இல் வெளியிட்ட ஆப்பிள்ஸ்கிரிப்ட் மொழியில், அதற்கு இடம்கொடுக்கும் ஒவ்வொரு செயலியும் தனக்குப் புரியும் பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் ஒரு பட்டியலாகத் தரும். அந்தப் பட்டியலுக்கு அங்கே பெயர் ‘டிக்‌ஷனரி’. கருவி ஆவணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் பார்க்கவில்லை.

இப்போது அந்த அகராதியைப் புரட்டுவது ஏஐ ஏஜென்ட்: கருவிகளின் விளக்கத்தைப் படித்து, அவற்றை அழைத்து, நாம் சொன்ன வேலையை முடிக்கும் மென்பொருள். இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. இயங்கு, இயக்கு: ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. தினமும் காலை 6 மணிக்குக் கோப்புகளை நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் இயங்குகிறது. ஏஜென்ட் அழைத்தால் மட்டும் க்ளிக் செய்யும் கருவியை ஏஜென்ட் இயக்குகிறது. அதையும் தானியங்கி என்று எழுதிவிட்டால், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று ஏஜென்ட் எடுத்துக்கொள்ளும்.

அப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு கருவிக்கு ‘தரும் எழுத்துகளைத் தானாக உள்ளிடும்’ என்று விளக்கம் எழுதியிருந்தேன். மனிதர் படித்தால் முதலில் பெட்டியில் க்ளிக் செய்துவிட்டுத்தான் தட்டுவார். ஏஜென்ட் படிவத்தைத் தொடாமலே கருவியை அழைத்தது. முகவரி முழுக்க, முன்னால் திறந்து கிடந்த அரட்டைச் சாளரத்தில் போய் விழுந்தது. திருத்திய விளக்கம் இது: ‘அந்த நேரத்தில் கர்சர் எங்கே இருக்கிறதோ அங்கே எழுத்துகளைத் தட்டும். பெட்டியைத் தேடாது. முதலில் க்ளிக் செய்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சரிபார்த்த பிறகு அழைக்கவும்.’ ‘தானாக’ போனதும் விளக்கம் நான்கு மடங்குக்கும் மேல் நீண்டுவிட்டது, ஆனால் அந்தத் தவறு திரும்ப வரவில்லை.

எங்கே க்ளிக் செய்வது என்று ஏஜென்ட் தரும் எண்களிலும் இதே கதைதான். 1920 × 1080 திரையை 1280 × 720 படமாகச் சுருக்கி ஏஜென்ட்டுக்குக் காட்டினால், படத்தில் 640, 360 என்று தெரியும் புள்ளி திரையில் 960, 540. எந்த அளவில் எண்களைத் தர வேண்டும், மாற்றுவது யார் பொறுப்பு என்று விளக்கத்தில் இல்லாவிட்டால் ஏஜென்ட் படத்தில் பார்த்ததையே தரும். ‘சேமி’ பொத்தானுக்கு வைத்த குறி வேறெங்கோ விழும்.

ஏஜென்ட்டுக்கும் ‘முகவர்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் ‘முகவர் க்ளிக் செய்வார்’ என்று எழுதிப் பார்த்தால், கணினி முன்னால் ஓர் ஆள் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. சரி, இப்போதைக்கு ‘ஏஜென்ட் க்ளிக் செய்யும்’ என்றே விட்டிருக்கிறேன்.