தேய்த்துத் தேய்த்து ஓர் எஞ்சின்

சிலிண்டரின் உள்விட்டம் 13 மிமீ. அதற்குள் பிஸ்டன் போய்வரும் தூரம் 15 மிமீ. கணக்குப் போட்டால் கொள்ளளவு 2 சிசிக்கு ஒரு நூல் குறைவு. மாதிரி விமானத்துக்கான இந்தக் குட்டி டீசல் எஞ்சின் மொத்தமும் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஸ்பார்க் பிளக் கிடையாது, பேட்டரி கிடையாது, வால்வு கிடையாது. முன்னால் ஒரு மர விசிறியை மாட்டி விரலால் சுண்டிவிட்டால், வெடித்துக் கிளம்பி நிமிடத்துக்கு 8,000, 10,000 என்று சுற்றும்.

1940-களின் தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்தில் வெளிவந்த டைனோ 1 இந்த வகைக்கு முன்னோடி. போர் முடிந்ததும் இங்கிலாந்துக்காரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். பெர்சிவல் மார்ஷல் 1898-இல் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' இதழ் அதற்குள் இரண்டு தலைமுறையை வீட்டுக் கொட்டகையில் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தை ஓட்டப் பழக்கியிருந்தது. எட்கர் வெஸ்ட்பரி அந்த இதழில் குட்டி பெட்ரோல் எஞ்சின்களுக்கான வரைபடங்களைத் தொடர்ந்து கொடுத்துவந்தார். ஆனால் பெட்ரோல் எஞ்சின் என்றால் தீப்பொறி உண்டாக்கும் காயில், கண்டென்சர், கான்டாக்ட் பாயிண்ட், பேட்டரி எல்லாம் கூடவே வரும். பறக்கவேண்டிய மாதிரி விமானத்துக்கு அத்தனையும் சுமை. வீட்டில் செய்கிறவருக்கோ அத்தனையும் கடையில் வாங்கவேண்டிய பொருள். டீசல் வந்தபோது இவையெல்லாம் ஒரேயடியாகக் கழன்று விழுந்தன. உலோகத்தைக் கடையத் தெரிந்தவர் எஞ்சின் முழுவதையும் தன் கையாலேயே செய்துவிடலாம் என்றானது.

பெயர் டீசல் என்றாலும், லாரி எஞ்சினில் நடப்பது வேறு. அங்கே முதலில் காற்றை மட்டும் அழுத்திச் சூடாக்கி, பிறகு எரிபொருளைப் பீய்ச்சுவார்கள். இங்கே காற்றும் எரிபொருளும் கலந்தே உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலேறி அழுத்தும்போது கலவை சூடாகித் தானே பற்றிக்கொள்கிறது. எந்த நொடியில் பற்றவேண்டும் என்பதைத் தீர்மானிக்க சிலிண்டரின் உச்சியில் இன்னொரு குட்டிப் பிஸ்டன் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். கான்ட்ரா பிஸ்டன் என்று அதற்குப் பெயர். தலையிலுள்ள திருகைத் திருப்பினால் அது கீழே இறங்கும். கீழ்ப் பிஸ்டன் உச்சத்தைத் தொடும்போது இரண்டுக்கும் நடுவே 1 மிமீ இடம் மிச்சமிருந்தால் கலவை 16-இல் ஒரு பங்காகச் சுருங்கும், அதாவது அழுத்த விகிதம் 16. திருகின் புரி இடைவெளி 0.8 மிமீ என்றால், கால் சுற்றில் 0.2 மிமீ இறங்கி விகிதம் ஏறக்குறைய 20 ஆகிவிடும். (புகைவழி மூடிய பிறகுதான் அழுத்தமே தொடங்குகிறது. அதனால் நடைமுறையில் கிடைப்பது இதைவிடக் குறைவு.) விரல் நுனியின் ஒரு சிறு அசைவு எஞ்சினின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

காற்றை, வெப்பம் துளியும் வெளியே போகாமல், 16-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏட்டுக் கணக்குப்படி 600 டிகிரி செல்சியஸைத் தாண்டவேண்டும். குட்டி எஞ்சினில் அது நடப்பதில்லை. நம் எஞ்சினின் எல்லா அளவுகளையும் நான்கு மடங்கு பெருக்கினால் ஏறக்குறைய ஒரு 125 சிசி பைக் எஞ்சின் வரும். அப்போது கொள்ளளவு 64 மடங்கு கூடும். சுவரின் பரப்போ 16 மடங்குதான் கூடும். திருப்பிப் பார்த்தால், சின்ன எஞ்சினில் ஒவ்வொரு சிசி கலவையும் நான்கு மடங்கு அதிகமான குளிர்ந்த உலோகத்தை உரசிக்கொண்டிருக்கிறது. சேர்த்த சூட்டைச் சுவர் உறிஞ்சிவிடுகிறது.

சூடு போனாலும் பரவாயில்லை, அழுத்திய கலவையே நழுவிப் போய்விடுவதுதான் பெரிய தொல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கு இரண்டு மடங்கானால் கசிவு இரண்டு மடங்கோடு நிற்காது, எட்டு மடங்காகும். மூன்று மடங்கானால் 27 மடங்கு. பைக்கில் இதற்குப் பிஸ்டனைச் சுற்றி ரிங் போட்டுச் சமாளிக்கிறார்கள். 13 மிமீ பிஸ்டனில் ரிங் போடுவது முடியாத காரியமல்ல. ஆனால் அதன் வாயிலிருக்கும் வெட்டே ஒரு கசிவு வழி, உராய்வும் கூடும். ஆகவே இந்த எஞ்சின்களில் ரிங் இல்லை. வழவழப்பான உருளைக்குள் வழவழப்பான உருளை, நடுவில் எண்ணெய்ப் படலம், அவ்வளவுதான். 10,000 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் மேலேறும் நேரம் 3 மில்லிசெகண்ட். கசிய அவகாசமே இல்லை. கையால் சுண்டும்போது அது 50 மில்லிசெகண்டுக்கு மேல் போகும். ஓடத் தொடங்கினால் நன்றாக ஓடக்கூடிய எஞ்சின் பல, கைக்குக் கிளம்பாமலே இருந்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

தேவைப்படும் இடைவெளி சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். வீட்டு லேத்தில் துளையைக் கடைந்தால், கருவி வளைந்துகொடுப்பதால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 20 மைக்ரான் வித்தியாசம் வருவது சாதாரணம். சாதாரண மைக்ரோமீட்டரின் ஒரு கோடே 10 மைக்ரான். இயந்திரத்துக்கு அந்தத் துல்லியம் இல்லை. அளக்கும் கருவிக்கும் இல்லை. அப்படியிருக்க, அந்தச் சில மைக்ரான் எங்கிருந்து வருகிறது? இந்தக் கைத்தொழிலில் என்னை மிகவும் வசீகரிப்பது இந்தக் கேள்விதான்.

தேய்ப்பதிலிருந்து வருகிறது. பட்டறையில் லேப்பிங் என்பார்கள். அம்மியையும் குழவியையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. யாரும் அளந்து செதுக்காமலே, அரைத்து அரைத்து ஒன்றின் வடிவுக்கு மற்றது பொருந்திவருகிறது. தொலைநோக்கிக்கு ஆடி செய்பவர்கள் இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே பொடி போட்டு மணிக்கணக்காகத் தேய்த்துக் கோள வடிவம் வரவைப்பதும் இதே வழிதான். மேடான இடத்தில் அழுத்தம் கூடுதல், அங்கே தேய்மானமும் கூடுதல். மேடு இருக்கும்வரை மேடுதான் தேயும்.

சிலிண்டரை இரும்பில் கடைந்து, இறுதி அளவுக்கு 0.02 அல்லது 0.03 மிமீ குறைவாக நிறுத்திவிட வேண்டும். பிறகு பித்தளையிலோ அலுமினியத்திலோ ஒரு தண்டு. அதன் நடுவே பிளவு இருக்கும்; சாய்வான திருகை முறுக்கினால் மயிரிழை மயிரிழையாக விரியும். இதுதான் லேப். அதில் எண்ணெயில் குழைத்த கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புப் பொடியைத் தடவி, லேத்தில் மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு, சிலிண்டரைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும்.

லேப் எப்போதும் வேலைப்பொருளைவிட மென்மையாக இருக்கவேண்டும். புதிதாகக் கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். பொடியின் துகள்கள் மென்மையான உலோகத்தில் போய்ப் பதிந்துகொள்கின்றன. பதிந்தவை அங்கேயே நின்று, எதிரேயுள்ள கடினமான உலோகத்தைச் சுரண்டுகின்றன. தேயவேண்டியது கடினமானது, நிலைக்கவேண்டியது மென்மையானது. அதனால்தான் பிஸ்டனையும் சிலிண்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று பொடி போட்டுத் தேய்க்கக் கூடாது. வார்ப்பிரும்புப் பிஸ்டனில் துகள் பதிந்துவிட்டால், எஞ்சின் ஓடும் காலமெல்லாம் அது சிலிண்டரை அரித்துக்கொண்டே இருக்கும்.

ஓட்டும்போது கைக்கு எல்லாம் தெரியும். இறுக்கமான இடத்தில் சிலிண்டர் தயங்கும், தளர்ந்த இடத்தில் வழுக்கும். தயங்கும் இடத்தில் நாலு தரம் கூடுதலாக ஓட்டுகிறோம். அவ்வப்போது முனை மாற்றிப் பிடிக்கிறோம். இரண்டு வாய்களும் சற்று அகன்றுபோகும் என்பதால் சிலிண்டரை நீளமாகவே விட்டுவைத்து, முடிவில் வெட்டிக்கொள்கிறோம். பொடியை நயமாக்கிக்கொண்டே போனால் உள்சுவர் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒளிரத் தொடங்கும்.

கண்ணாடிபோல் பளபளப்பதைவிட இந்த மங்கல்தான் நல்லது. நுண்ணிய கீறல்களில் எண்ணெய் தங்கும்.

பிஸ்டனுக்கு வெளியிலிருந்து அணைக்கும் வளைய லேப். சிலிண்டரின் மேல்முனையில் மட்டும் துளை ஓரிரு மைக்ரான் குறுகலாக இருக்கவேண்டும். கழுவித் துடைத்த பிஸ்டன், பாதிவழி தடையின்றி ஏறி உச்சிக்கு அருகில் இறுகவேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்படுபவர்தான் கெடுக்கிறார். 13 மிமீ இரும்பு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.15 மைக்ரான் விரியும். தேய்த்த சூட்டில் 20 டிகிரி ஏறியிருந்தால் அதுவே 3 மைக்ரான். நாம் தேடும் இடைவெளியே அவ்வளவுதான். ஆறவைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அளவு சரியா என்று சொல்ல ஒரே சோதனை: எண்ணெய் தடவி, சிலிண்டரின் ஒரு வாயை விரலால் மூடி, பிஸ்டனைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் அது தானே உள்ளே திரும்பிப் போகவேண்டும். முழுக்க வெளியே இழுத்தால் 'டொப்' என்று சத்தம் கேட்கவேண்டும்.

துல்லியமற்ற கருவியைக் கொண்டு துல்லியத்தைப் பிறப்பிக்கும் வழி மனிதருக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்திருக்கிறேன். ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரை வாசித்தார். மூன்று இரும்புத் தட்டுகளை மாற்றி மாற்றி ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மேடு கண்ட இடத்தைச் சுரண்டிக்கொண்டே போனால் மூன்றும் சமதளமாகிவிடும் என்று காட்டினார். இரண்டு தட்டு மட்டும் இருந்தால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் பொருந்தி நம்மை ஏமாற்றிவிடும். மூன்று இருந்தால் அந்த ஏமாற்றுக்கு இடமில்லை. பட்டறைகளின் சமதளம் எல்லாம் அங்கிருந்து வந்தது.

மற்ற உறுப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு, இரும்புக் கம்பியை லேத்தின் நான்கு தாடைப் பிடியான சக்கில் 7.5 மிமீ தள்ளிப் பிடித்து அதன் கிராங்க் பின்னைக் கடைகிறோம். உள்ளே துளையிட்டு, பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டினால் அதுவே சுற்றும்போது திறந்து மூடிக் கலவையை உள்ளே விடும். வேலை நிறைய, ஆனால் தவறினால் கண்ணுக்குத் தெரியும், இன்னொன்று செய்துகொள்ளலாம்.

எரிபொருளைச் சொல்லாமல் விடமுடியாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சமபங்கு. ஈதர் 160 முதல் 180 டிகிரிக்குள் தானே தீப்பற்றும். குளிர்ந்த சுவரையும் மீறி முதல் வெடிப்பைத் தருவது அதுதான். சக்தி மண்ணெண்ணெயிலிருந்து. நம் வீட்டு விளக்கெண்ணெய் அங்கே மசகு. சூட்டில் எளிதில் மெலிந்து ஓடாமல் உலோகத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். முதல் உலகப்போரின் சுழல் விமான எஞ்சின்களிலும் அதுவே ஊற்றப்பட்டது. விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் தாமாகச் சேராமல் பிரிந்து நிற்கும். இரண்டோடும் கலக்கக்கூடிய ஈதர்தான் நடுவில் நின்று சேர்த்துவைக்கிறது. அதனால் முதலில் எண்ணெயில் ஈதரைக் கலந்து, பிறகுதான் மண்ணெண்ணெய். ஈதர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து தூரத்துத் தீயைத் தேடிப் போகும். கலப்பதைத் திறந்த வெளியில்தான் செய்யவேண்டும்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. ரே ஆர்டன் 1947-இல் கொண்டுவந்த குளோ பிளக்கில், மெத்தனால் ஆவி பட்டதும் பிளாட்டினம் கம்பி தானே கனன்றுகொண்டிருக்கும். அது தனிக் கதை.

முதல் நாள் எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டக்கூடாது. ஒரு நிமிடம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஒரு நிமிடம். ஆரம்பத்தில் புகைவழியில் வடியும் எண்ணெய் கறுப்பாக இருக்கும். நம் லேப் விட்டுவைத்த கடைசி மேடுகளைப் பிஸ்டனும் சிலிண்டரும் இப்போது பொடியே இல்லாமல் தாங்களே தேய்த்துக்கொள்கின்றன. பல ஓட்டங்களுக்குப் பின் ஒருநாள் அந்த எண்ணெய் தேன்நிறத்தில் தெளிந்து வரும். அன்றிலிருந்து விசிறியைப் பெரும்பாலும் ஒரே சுண்டுதான் சுண்டவேண்டியிருக்கும்.