கேட்டதைச் செய்யாமலே 'சரி' என்று சொல்லும் சோதனை

கோப்புகளை ஒழுங்காக வைத்து எடுத்துத் தரும் மென்பொருளான கோப்பு முறைமையை நம்பித்தான் நம் படங்களையும் கணக்குகளையும் வட்டில் போட்டு வைக்கிறோம். அது தடுமாறுகிறதா என்று பார்க்க, அதை வாட்டியெடுக்கும் கருவிகள் உண்டு. அவற்றில் பழைய ஒன்று எஃப்எஸ்எக்ஸ். நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் 1991-இல் அவாடிஸ் டெவானியன் எழுதியது. இன்றும் லினக்ஸ் சோதனைகளில் ஓடுகிறது.

ஒரே கோப்பில் கண்ட இடத்தில் எழுதும், படிக்கும், வெட்டிச் சுருக்கும். எழுதியதன் நகல் நினைவகத்தில் இருக்கும். படித்தது அதோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். கருவியை ஓட்டும்போது எத்தனை செயல்கள் என்பதை '-என்' சொல்லும்; தற்செயல் வரிசை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று காட்டும் விதை எண்ணை '-எஸ்' சொல்லும். அதே விதையைத் தந்தால் அதே வரிசையில் எல்லாம் மறுபடி நடக்கும். பிழையைத் திரும்பப் பிடிக்க அந்த எண்தான் கைப்பிடி.

'-என்', '-எஸ்' போன்ற இந்தக் கட்டளைகளை நிரலுக்குப் பிரித்துத் தருவது 'கெட்டாப்ட்' என்னும் ஆயத்த நிரல்துண்டு. அதற்கு ஓர் எழுத்துப் பட்டியல் தருவோம்; மதிப்பு வேண்டிய எழுத்துக்குப் பின்னால் முக்காற்புள்ளி (:) வரும். அந்தப் புள்ளி விட்டுப்போனால், மதிப்பைத் தேடும் நிரல் வெறுமையைத் தொட்டு விழும். தேவையில்லாத இடத்தில் புள்ளி நுழைந்தால், பின்னால் வரும் கோப்புப் பெயரையே அது மதிப்பாக விழுங்கிவிடும். இரண்டும் பெரும்பாலும் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும் பிழைகள். நான் அஞ்சுவது சத்தமில்லாத பிழைக்குத்தான்.

'123' என்பதில் 1-க்குப் பதில் அதைப் போலவே தெரியும் 'எல்' எழுத்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளை எண்ணாக்கும் 'ஏடுஐ' போன்ற பழைய மாற்றுமுறை எந்த முறையீடும் இல்லாமல் 0 தரும். விதை 0 என்றால் எஃப்எஸ்எக்ஸ் கடிகாரத்தைப் பார்த்து வேறு விதையை எடுத்துக்கொள்ளும். சோதனை ஓடும், 'சரி' என்றும் வரும். ஆனால் நாம் கேட்ட வரிசை நடக்கவே இல்லை.

திருத்தம் சின்னது. அதே வேலையைச் செய்யும் 'எஸ்டிஆர்டோல்' எண்ணை மட்டுமல்ல, படிப்பை எங்கே நிறுத்தியது என்பதையும் சொல்லும். ஒரு இலக்கம்கூடப் படிக்கவில்லையா, மிச்சம் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையெல்லாம் மறுக்கவும் கூடாது: '256கே' என்பதில் 'கே' 1024 மடங்கைக் குறிக்கும் முறையான ஒட்டு. எண்ணை எந்த அடியில் (பத்தா, எட்டா) படிப்பது என்று சொல்லும் அடிமானத்தை 0 என்று விட்டால், '0100' எட்டின் அடியிலான எண்மமாகி 64 ஆகிவிடும்; அழகுக்காக முன்னால் சுழியம் சேர்ப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள்.

தவறான மதிப்பு வந்தால் எந்த மதிப்பு புரியவில்லை என்று எழுதிக் காட்டி, சுழியமல்லாத வெளியேற்ற எண்ணோடு (முடியும்போது நிரல் விட்டுச்செல்லும் எண்; 0 என்றால் வெற்றி) கருவி நிற்க வேண்டும். நள்ளிரவில் நூற்றுக்கணக்கான சோதனைகளை ஓட்டும் நிரல் பார்ப்பது அந்த எண்ணை மட்டும்தான்.