ஸ்நாக்: பழுதும் மீள்பழுதும்

விமானம் கிளம்பத் தாமதம் என்றால் காரணமாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் ‘டெக்னிக்கல் ஸ்நாக்’. தமிழ்ச் செய்தியில் அது ‘தொழில்நுட்பக் கோளாறு’ ஆகிவிடும். இந்திய விமானப் பராமரிப்பில் ஸ்நாக் அன்றாடச் சொல். தரையிறங்கியதும் விமானி லாக் புக்கில், அதாவது விமானத்தின் பதிவேட்டில், எழுதும் குறை எதுவானாலும் ஸ்நாக்தான். படிக்கும் விளக்கு எரியாததும் ஸ்நாக், ஹைட்ராலிக் எண்ணெய் கசிவதும் ஸ்நாக்.

சொல் பிறந்த இடம் காடும் ஆறும். ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கலாம் என்பார்கள். கிளை ஒடிந்தபின் துருத்தி நிற்கும் முண்டுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், ஆற்றுப்படுகையில் சிக்கி நீருக்கடியில் மறைந்து நிற்கும் மரத்தைக் குறித்தது. மிசிசிப்பியில் நீராவிப் படகுகளின் அடிப்பாகத்தைக் கிழித்து மூழ்கடித்தவை இந்த மரங்கள். அவற்றைப் பிடுங்குவதற்கென்றே ஹென்றி ஷ்ரீவ் 1829-இல் ஒரு படகைக் கட்டி இறக்கினார். பிறகு எந்தத் தடங்கலுக்கும் ஸ்நாக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. விமானத்துறையில் கருவிக் குறை என்ற பொருளில் நிலைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தொழில்நுட்பக் கோளாறு’ எனக்கு உடன்பாடில்லை. தொழில்நுட்பம் என்பது செய்யும் அறிவு, அது கெடவில்லை. கெட்டது ஒரு பம்ப், ஒரு சென்சார், ஒரு ஒயர். இதற்குப் பழுது என்ற பழைய, நல்ல சொல் இருக்கிறது. ‘பழுது பயமின்றே’ என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். பயம் என்றால் இங்கே பயன். பயனற்றுப் போவது பழுது. குறளின் ‘பழுதெண்ணும் மந்திரி’யில் பொருள் தீங்கின் பக்கம் சாய்கிறது. கருவிக்குத் தொல்காப்பியப் பொருளே பொருத்தம். பேச்சுவழக்கில் ‘ரிப்பேர்’ இருக்கிறதே என்று கேட்கலாம். ‘ஃபேன் ரிப்பேர்’ என்றால் கெட்டுவிட்டது, ‘ரிப்பேர் பண்ணு’ என்றால் சரிசெய். வீட்டில் இதனால் குழப்பம் வராது. லாக் புக்கிலோ பழுதைத் தனியாகவும், அதற்குச் செய்த வேலையைத் தனியாகவும் பதிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் அங்கே உதவாது.

விளைவு சிறிதென்றால் சில பழுதுகளை உடனே நீக்காமலே பறக்கலாம். எது கெட்டிருந்தாலும் பறக்கலாம் என்று சொல்லும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் 3 நாள், 10 நாள், 120 நாள் என்று கெடு வைக்கிறது. இவை ஒத்திவைத்த பழுதுகள். இதில் சிக்கலில்லை, குறை இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

தனிப்பெயர் தேவைப்படுவது வேறொன்றுக்கு: சரிசெய்தாயிற்று என்று கையெழுத்திட்ட பிறகும் அதே விமானத்தில் திரும்ப வரும் பழுது. 2014 டிசம்பர் 28 அன்று சுராபாயாவிலிருந்து சிங்கப்பூர் கிளம்பி ஜாவா கடலில் விழுந்த ஏர்ஏஷியா 8501 விமானம், ஏர்பஸ் ஏ320, இதற்கு வலிமிகுந்த சான்று. வேகம் கூடும்போது வால் சுக்கான் அளவுக்கு மீறித் திரும்பாமல் தடுக்கும் அமைப்பு அதில் அடிக்கடி பிழை காட்டியது. 2014-இல் மட்டும் பராமரிப்புப் பதிவுகளில் 23 முறை. கடைசி மூன்று மாதங்களில் இன்னும் நெருக்கமாக. காரணம், மின்னணுப் பலகையின் சால்டரிங்கில் விழுந்த விரிசல். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு வந்த விரிசல் அது. பறக்கும்போது தொடர்பு விட்டுப்போகும். தரையில் அந்த அமைப்பை இயக்கும் கணினியை அணைத்துப் போட்டுச் சோதித்தால் எல்லாம் சரி என்று வரும். பதிவு முடிந்துவிடும், விரிசல் அப்படியே இருக்கும்.

அன்றைய பயணத்தில் எச்சரிக்கை நான்கு முறை வந்தது. அந்த எச்சரிக்கையால் மட்டும் விமானம் விழுந்திருக்காது. ஆனால் நான்காவது முறை, வானிலேயே அந்தக் கணினிக்கு மின்சாரம் தரும் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து ரீசெட் செய்ததற்கான அடையாளம் பதிவுக் கருவியில் தெரிந்தது. தானியங்கிக் கட்டுப்பாடு விலகியது. விமானம் ஒருபக்கம் சாய்ந்தது, செங்குத்தாக ஏறி, இறக்கைகளின் தூக்குவிசையை இழந்தது. 162 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்த வகைக்கு ‘மீள்பழுது’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மீள்குடியேற்றம், மீள்பார்வை என்று முன்னொட்டு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘தொடர் பழுது’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் தொடர் என்றால் விடாமல் இருப்பது. இதுவோ போய்விட்டதாக நம்பவைத்துத் திரும்புவது. அந்த இடைவெளியில்தான் ஆபத்து.

2025 ஜூனில் டெல்லி, மும்பை உள்ளிட்ட விமான நிலையங்களை ஆய்வு செய்த டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு), பதிவான பழுதுகளே பலமுறை மறுபடி தோன்றியதைக் கண்டது. கண்காணிப்பும் சரிசெய்தலும் போதவில்லை என்றது. ‘விமானங்களில் மீள்பழுதுகள்’ என்று எழுதினால் அந்தக் குற்றச்சாட்டு சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதினால் வராது.