வகுப்புக்குள் வாருங்கள், அடுத்தவர் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஒரே அறையில் பாடம் நடத்துகிறேன். தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிந்து உட்காருகிறார்கள். அரும்பில் ஒருத்தி 'ட'வுக்கும் 'ப'வுக்கும் நடுவே தடுமாறிக்கொண்டிருப்பாள். மலரில் நான்கு பேர் கணக்கை முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். இன்னும் ஒரு பெரியவர் அறையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்காத நாளே இல்லை.

பெற்றோரை உதவிக்கு அழைத்தால், "ஐந்தாவதோடு நின்றவன் நான், எனக்கு என்ன தெரியும் டீச்சர்?" என்கிறார்கள். அப்படிச் சொன்னவர்தான் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் அப்பா. வற்புறுத்தித்தான் வரவழைத்தேன். கண்ணாடியின் மேல் வார்த்து, இன்னும் அந்தக் கண்ணாடி பிரிக்காத கல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். தண்ணீரில் ஊறிக் காய்ந்திருந்த அந்தக் கல்லிலிருந்து அவர் கண்ணாடியை மெல்ல விலக்கியதும் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு குனிந்தார்கள். "பாலிஷ் கிடையாது, இந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது" என்றார். பிறகு நான்கு கல்லைச் சேர்த்து வைத்தார். நடுவில் ஒரு பூ விரிந்தது. "ஒரு பூவுக்கு நான்கு கல். மூன்று பூவுக்கு?" நான்காம் வாய்ப்பாட்டில் வாரக்கணக்காகத் திணறிய பையன் தரையில் விரலால் கல் கல்லாகக் கட்டம் போட்டுப் பன்னிரண்டு என்றான். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கொடுத்ததை என் கரும்பலகையால் கொடுக்க முடியவில்லை.

அவருடைய மகன் வேறு குழுவில் இருந்தான். அப்பா தன்னிடம் வரவில்லை என்று பத்து நிமிடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். ஆனாலும் அப்படித்தான் உட்காரவைப்பேன். தன் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரும் அம்மாவோ அப்பாவோ கொஞ்ச நேரத்தில் பென்சிலைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்தவர் பிள்ளையிடம் அவர்களுக்கே வியப்பூட்டும் பொறுமை வந்துவிடுகிறது.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். உதவிக்கு வந்த ஓர் அம்மா, இன்னாருடைய மகளுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியவில்லை என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிவிட்டார். அந்தச் சிறுமி மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. முன்கூட்டியே சொல்லிவைக்காதது என் பிழை. இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: வகுப்பில் பார்த்தது வகுப்போடு இருக்கட்டும், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம், தனியாக எந்தப் பிள்ளையையும் வெளியே அழைத்துப் போக வேண்டாம். தலைமையாசிரியரின் அனுமதியும் நான் அறையில் இருப்பதும் கட்டாயம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே. கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதோடு அந்த உரிமை முடிந்துபோவதில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். சொன்ன நாளில் தவறாமல் வாருங்கள். பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வரும் வியாழக்கிழமை கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடையும் அப்பத்தா ஒருவர் வருகிறார். பேத்தி மலர்க் குழுவில் இருக்கிறாள். அப்பத்தாவுக்கு அரும்புக் குழுவில் பாய் விரிக்கப்போகிறேன். ஓலையை வீட்டிலேயே கிழித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், கத்தி வேண்டாம் என்று.