கையெழுத்துக்கு முன் வினைச்சொல்லைப் படியுங்கள்

கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வராதீர்கள். வந்தாலும் மொழிபெயர்த்துத் தருவேன். அது என் தொழில். ஆனால் போட்ட கையெழுத்தை எந்த மொழிபெயர்ப்பும் அழிக்காது. கொழும்பு புதுக்கடையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருந்துகொண்டு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. போன வாரமும் ஒருவர் வந்து போனார். இனி எழுதியே வைத்துவிடுகிறேன்.

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர். குத்தகைக் காலம் பற்றிய பந்தியில் ‘மே பி ரினியூட்’ என்று இருந்தது. புதுப்பித்துத் தருவதாகத்தான் எழுதியிருக்கிறது என்ற நம்பிக்கையில் குளியலறைக்கு டைல்ஸ் பதித்தார், சமையலறைக்கு அலுமாரி அடித்தார், பிள்ளையை நடந்து போகிற தூரத்துப் பாடசாலையில் சேர்த்தார். காலம் முடிந்ததும் வீட்டுக்காரர் சாவியைக் கேட்டுவிட்டார். “ஐயா, ரினியூட் என்று எழுதித்தானே இருக்கிறது?” என்று அந்த வரியில் விரலை வைத்து என்னிடம் காட்டினார். விரல் ‘ரினியூட்’டின் கீழே இருந்தது. ‘மே’ என்பதை அவர் கவனிக்கவே இல்லை.

புதுப்பிக்கப்படலாம், புதுப்பிக்கப்படாமலும் விடலாம். அவ்வளவுதான் அந்த வரி.

“வீட்டுக்காரர் வாயாலும் சொன்னாரே” என்றார். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில், பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு செய்யப்பட வேண்டும். வீட்டு வாசலில் நின்று சொன்னது அங்கே எடுபடாது.

என்னை அதிகம் எரிச்சலூட்டுகிற நினைப்பு ஒன்று உண்டு: செயப்பாட்டுவினை (‘புதுப்பிக்கப்படலாம்’ போல, செய்பவரைச் சொல்லாமலும் எழுதக்கூடிய வினை) என்பது மரியாதையான ஆங்கிலம், வேறொன்றுமில்லை என்பது. படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். பழி எங்கள் டியூஷன் வகுப்புகளுக்கு. வாக்கியத்தைப் புரட்டு, துணைவினைக்குப் பிறகு ‘பி’ போடு, வினையின் மூன்றாம் வடிவத்தை எழுது, செய்தவரைக் கடைசியில் ‘பை’ போட்டுச் சேர், விரும்பினால் விட்டுவிடு. சாதாரண தரப் பரீட்சைக்கு இது போதும். அந்த ‘விரும்பினால் விட்டுவிடு’ என்கிற இடத்தில்தான் பிறகு பணம் போகிறது. ‘ஷல் பி ரிஃபண்டட்’ என்று முற்பணத்தைப் பற்றி எழுதியிருக்கிறது. திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும், சரி. யாரால்? வீட்டுக்காரராலா, பணத்தை எண்ணி வாங்கிய தரகராலா? கூரை ஒழுக்கு ‘ஷல் பி ரிப்பெயர்ட்’ என்கிறது. யாருடைய செலவில்? எழுதியவர் மரியாதைக்காக ஆளை மறைக்கவில்லை. சோம்பலால் விட்டிருப்பார், அல்லது நன்றாக யோசித்தே விட்டிருப்பார். மருந்துக் குப்பியில் ‘மஸ்ட் பி ரிஃப்ரிஜரேட்டட்’ என்று இருந்தால் வீட்டில் யார் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் ஒன்றுதான். அங்கே ஆள் தேவையில்லை. ஒப்பந்தத்தில் ஆள்தான் எல்லாம். ஆளில்லாத கடமையை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இன்னொரு தொல்லை நம் மொழியிலிருந்து வருகிறது. ‘மஸ்ட் பி’, ‘ஷுட் பி’, ‘ஹாஸ் டு பி’ எல்லாமே நம் காதில் ‘வேண்டும்’ என்று விழுகின்றன. ‘மே’, ‘கேன்’, ‘மைட்’ மூன்றும் ‘லாம்’ ஆகிவிடுகின்றன. ‘ஷல்’ என்பதை ‘செய்யப்படும்’ என்று எதிர்காலமாக எடுத்துக்கொள்கிறோம். ஒப்பந்தத்தில் அது கடமை. மாத வாடகை ஐந்தாம் திகதிக்குள் ‘ஷல் பி பெய்ட்’ என்றால் கொடுத்தே ஆக வேண்டும். (அதே வரியில் வருகிற ‘பை’ திகதியைச் சொல்கிறதா, ஆளைச் சொல்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு வரியில் இரண்டு ‘பை’ வந்தால் நிதானமாக வாசியுங்கள்.) ‘ஷல்’ பல பொருளில் புழங்கிக் குழப்புகிறது என்பதால் அமெரிக்காவின் கூட்டாட்சி சிவில் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியவர்கள் 2007இல் அதை அநேகமாக முற்றாகவே அகற்றினார்கள். நம் நொத்தாரிசுமார் விடுவதாக இல்லை. பழைய மாதிரிப் படிவங்கள் அப்படியே ஓடுகின்றன.

சட்டம் படிக்கும் தம்பிமார் சிலர், ‘மே’ போல அதிகாரம் தரும் சொல்லை நீதிமன்றம் கடமையாக வாசிப்பதும் உண்டே என்று என்னைத் திருத்த வருவார்கள். உண்டு. 1880இல் ஒக்ஸ்போர்ட் பிஷப் வழக்கில் அப்போது இங்கிலாந்தின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதைப் பற்றித்தான் பேசியது. அது சட்டம் ஒரு பதவிக்குத் தந்த அதிகாரம் பற்றிய வழக்கு, வீட்டுக்காரரைப் பற்றியது அல்ல. அந்த வழக்கில் வென்றதும் பிஷப்தான், அதாவது அங்கே அதிகாரம் கடமையாகவில்லை.

‘மே நொட் பி சப்லெட்’ என்ற வரியும் ஒரு குடும்பத்தைச் சிக்க வைத்தது. உள்வாடகைக்கு விடப்படாமலும் இருக்கலாம் என்று படித்துக்கொண்டு, மாடி அறையை மாணவர் இருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் அது தடை, விடவே கூடாது. ‘நீட் நொட் பி’ என்பதுதான் தேவையில்லை என்கிற பொருள். ‘மஸ்ட் நொட் பி’ கூடாது என்பது. இந்த மூன்றையாவது பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள் என்று ஆங்கில ஆசிரியர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். வாக்கியத்தைப் புரட்டச் சொல்வதற்கு முன் ‘செய்தது யார்?’ என்றும் ஒரு தடவை கேளுங்கள்.

‘ஷுட் பி’ பற்றி ஒரு தொழில் இரகசியம். புத்தக ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ஆலோசனை. கொழும்பு அலுவலகக் கடிதங்களிலோ ‘ஷுட் பி சப்மிட்டட்’ என்று எழுதிவிட்டு, சமர்ப்பிக்காவிட்டால் விண்ணப்பத்தை நிராகரித்துவிடுவார்கள். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதில் ‘ஷுட்’ வந்தால் அதை ‘மஸ்ட்’ என்றே வாசியுங்கள். மற்றவர் உங்களுக்குச் செய்ய வேண்டியதில் ‘ஷுட்’ வந்தால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ‘ஷல்’ அல்லது ‘மஸ்ட்’ என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்துவிட்டது.

கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியது கடினமான வேலையல்ல. பென்சிலை எடுத்து, ‘பி’ வருகிற ஒவ்வோர் இடத்திலும் அதற்கு முன்னால் நிற்கிற சொல்லை வட்டமிடுங்கள். பக்கத்தில் யார் செய்வது என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இடத்தைத் தரகரிடம் அல்ல, உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். தரகருக்குக் கிடைக்க வேண்டியது நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும். அரச அலுவலகம் என்றால் தமிழிலேயே கேளுங்கள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. தனியார் ஒப்பந்தத்தில் அந்த வசதியைக் காசு கொடுத்துத்தான் பெற வேண்டும், அதையும் முன்கூட்டியே.

கடைசியாக, வேலைத்தலத்து விளக்கக் கடிதம். இதைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. புறக்கோட்டையில் மொத்த வியாபார நிறுவனமொன்றில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி, தாய்க்குச் சுகமில்லாமல் இரண்டு நாள் போகவில்லை. மேற்பார்வையாளருக்குச் சொல்லிவிட்டுத்தான் நின்றாள். நிர்வாகம் விளக்கம் கேட்டதும் தானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள்: மேற்பார்வையாளர் ‘ஷுட் ஹாவ் பீன் இன்ஃபோர்ம்ட்’ என்று. அவருக்கு அறிவித்திருக்க வேண்டும், அதாவது தகவல் போயிருக்கும் என்பது அவள் மனதில் இருந்தது. தமிழில் ‘அறிவித்திருக்க வேண்டும்’ என்றால் போயிருக்கும் என்றும் கொள்ளலாம், செய்யாமல் விட்டது பிழை என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் அந்தத் தொடரை வாசிப்பவருக்கு இரண்டாவதுதான் முதலில் தோன்றும். அறிவிக்கவில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாக அவளுடைய அலுவலகக் கோவையில் ஏறிவிட்டது. போயிருக்கும் என்று ஊகிப்பதற்கு ‘மஸ்ட் ஹாவ் பீன்’ வேண்டும். அதையும் எழுதாதீர்கள், உங்களுக்கே நிச்சயமில்லை என்று நினைப்பார்கள்.

விளக்கக் கடிதத்தில் செயப்பாட்டுவினையே வேண்டாம். நான் அறிவித்தேன், இன்னாருக்கு, இன்ன திகதி, இன்ன நேரம், தொலைபேசியில் அல்லது வாட்ஸ்அப்பில் என்று செய்வினையில் எழுதுங்கள். அந்தச் செய்தியின் படத்தை எடுத்துப் பின்னால் இணையுங்கள். கொடுக்கும்போது பிரதி ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.